கரைக்குக் கல்வெட்டு, கோடிக்குக் குழாய்

எங்க ஊர் ஏரிக்கரையில வாக்கிங் போறதுக்குக் கல் பதிச்சுத் தரப் போறாங்களாம். ரெண்டு பக்கமும் கம்பி, நடுநடுவுல சிமெண்ட் பெஞ்ச், முகப்புல கல்வெட்டு. அப்பா போன்ல சந்தோஷமா சொன்னாரு.

"கோடி என்னாச்சுப்பா?"ன்னு கேட்டேன்.

"அது அப்டியேதான்டா இருக்குது."

இதுக்கு மேல பொறுக்க முடியாது, எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிடுறேன். ஏரின்னா நம்மாளுங்க மனசுல வர்றது தண்ணி. ஆனா ஏரிங்கறது தண்ணி இல்லீங்க, கரை. சரிவா இருக்கிற நிலத்துல கீழ்ப்பக்கமா மண்ணைக் கொட்டி, மிதிச்சு, மேடாக்கி ஓடி வர்ற மழைத்தண்ணியை மறிச்சா அதுக்குப் பேரு ஏரி. அதாவது ஒவ்வொரு ஏரியும் ஒரு சின்ன மண் அணை. தமிழ்நாட்டுல இப்படி சுமார் 39,000 மண் அணை இருக்கு. திருவண்ணாமலையைச் சுத்தி எந்தத் திசையில பஸ் ஏறினாலும் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு ஜன்னல்ல வரும். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்கால்லயே ஒரு ஏரி. மலைக்குத் தெற்கே சமுத்திரம்னே பேரு வெச்ச ஏரி.

இந்த மண் அணைக்கு மூணு உறுப்பு. கரை, தண்ணியைத் தாங்குறது. மதகு, வயலுக்கு விடுறது. கோடி, அதாவது கலங்கல், மிஞ்சினதை வெளியேத்துறது. பாசனம்னு பார்த்தா மதகு முக்கியம். வெள்ளம்னு பார்த்தா கோடிதான் முக்கியம். ஏன்னா கல் அணை மேல தண்ணி வழிஞ்சா அணை பெரும்பாலும் நிக்கும். மண் கரை மேல வழிஞ்சா அவ்ளோதான். வெளிப்பக்கத்து மண்ணை அரிச்சு அரிச்சு, ஒரு சின்ன பள்ளம் உண்டாகி, அது வழியா இன்னும் வேகமா ஓடி, கொஞ்ச நேரத்துல கரையே காணாமப் போயிடும். இதுக்கு எஞ்சினியரிங் டிகிரி வேணாம். கடற்கரையில மணல் வீடு கட்டின குழந்தைக்கே தெரியும்.

ஆக, மண் அணை கட்டினவன் முதல் நாளே ஒத்துக்கிட்ட உண்மை ஒண்ணு இருக்கு: "என்னால தாங்க முடியாத மழை ஒருநாள் வரும். அன்னைக்குத் தண்ணி இந்த வழியா போகட்டும்". அந்த வழிதான் கோடி. நாங்க கோடு எழுதறப்போ எது நடக்கவே கூடாதோ அது நடந்தா என்ன பண்றதுன்னு தனியா நாலு வரி எழுதி வைப்போம். எல்லாம் ஒழுங்கா ஓடுற வரைக்கும் அந்த நாலு வரி வெட்டியாத் தெரியும். எந்த அறிவாளியாவது "இது எதுக்கு?"ன்னு தூக்கிட்டா, ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாருக்கும் போன் வரும். எங்க ஊர்ல அந்த நாலு வரியைத் தூக்கிட்டாங்க.

அந்த ராத்திரியைச் சொல்றேன்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துது. கடந்ததும் போயிருக்கணும், போகலை. அப்படியே நின்னு பெஞ்சுது. ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. ரோட்டோரம் நின்ன வண்டியெல்லாம் வெள்ளத்துல அடிச்சுட்டுப் போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. டிசம்பர் 1 ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திருவண்ணாமலை மலையில மண் சரிஞ்சு வ.உ.சி. நகர்ல ஒரு வீட்டு மேல விழுந்துது. ஏழு பேர் போயிட்டாங்க, அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. அது மலையோட கதை, ஏரியோட கதை இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்ப மாட்டேன். ஆனா அந்த ராத்திரி எல்லா கேமராவும் மலைப்பக்கமும் சாத்தனூர்ப் பக்கமும்தான் இருந்துது. சாத்தனூர் அணையிலேருந்து விடியறதுக்குள்ள ஒண்ணரை லட்சம் கனஅடிக்கு மேல திறந்து விட்டு, தென்பெண்ணை ஓரமா விழுப்புரம், கடலூர் வரைக்கும் முங்கிப் போச்சு. அதெல்லாம் நியூஸ். சின்ன ஏரி நியூஸ் இல்ல, உடைஞ்சாத்தான் நியூஸ்.

ராத்திரி ஒம்பது மணிக்கு அப்பா போன் பண்ணாரு. "ஏரி நெம்பிக்கிச்சுடா. கோடி போவுது, ஆனா தண்ணி போவ மாட்டேங்குது."

எனக்குப் புரியலை. கோடி போகுதுன்னா தண்ணி போகணுமே? அப்புறம்தான் புரிஞ்சுது.

சில வருஷம் முன்னாடி கோடி மேல ஒரு அடி உசரத்துக்கு கான்கிரீட் போட்டாங்க. யார் கேட்டது? ஊர்க்காரங்கதான். "தண்ணி வீணா போவுது"ன்னு. அதுக்கப்புறம் கோடிக்குக் கீழ இருக்கிற ஓடையை ஒட்டி ஒரு லேஅவுட் வந்துது. மனைக்குப் போக வழி வேணும்ல? ஓடையில ரெண்டு சிமெண்ட் குழாயைப் போட்டு, மேல மண்ணைக் கொட்டி ரோடு போட்டாங்க. மீதி ஓடையில சீமைக்கருவேலம். போதாக்குறைக்கு, மீன் தப்பிச்சுப் போயிடக் கூடாதுன்னு கோடியில வலை.

அன்னைக்கு ராத்திரியே ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்க கோடி சுமாரா 30 மீட்டர் நீளம். அது மேல அரை மீட்டர் உசரத்துக்குத் தண்ணி வழிஞ்சா செகண்டுக்கு 18 கனமீட்டர் போகும், அதாவது 640 கனஅடி. அந்த ரெண்டு குழாயும் ஒவ்வொண்ணும் 90 செ.மீ. விட்டம். தண்ணி செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்துல பாய்ஞ்சாலும் ரெண்டும் சேர்ந்து நாலு கனமீட்டர் கூடத் தேறாது, 135 கனஅடி. மீதி 500 கனஅடி எங்க போகும்? எங்கயும் போகாது. ஓடையில எதிர்த்து நிக்கும், கோடியே முங்கும், ஏரி மட்டம் ஏறும், கடைசியில கரை உச்சிக்கு வரும்.

இன்னொரு கணக்கு. எங்க கரை உச்சி பழைய கோடி மட்டத்தை விட அஞ்சடி உசரம். அதுல ரெண்டடி வெள்ளம் ஏறுறதுக்கு, மூணடி பத்திரத்துக்கு. கோடியை ஒரு அடி ஏத்தினோம், பத்திரம் ரெண்டடியாச்சு. கரை மேல ட்ராக்டர் ஓடி ஓடி ஒரு இடத்துல ஒரு அடி அமுங்கிக் கிடந்துது. பத்திரம் ஒரு அடி. மீதியைக் குழாய் பாத்துக்கிச்சு.

பதினோரு மணி வாக்குல அமுங்கின இடத்துல தண்ணிக்கும் கரை உச்சிக்கும் ஒரு சாண்தான் இருந்துது. மணல் மூட்டை போட்டாங்க. இளவட்டப் பசங்க கடப்பாரையோட கோடிக்குப் போயி அந்த ஒரு அடி கான்கிரீட்டை உடைச்சாங்க. ஜேசிபி வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் லேஅவுட் ரோட்டை வெட்டிவிட வண்டியோட வந்தாரு. மனை வாங்கினவங்க மறிச்சாங்க. அதை விட, ஓடைக்குக் கீழ இருக்கிற தெருக்காரங்க கம்போட வந்து நின்னாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியுமா? திடுதிப்புனு வெட்டிவிட்டா தண்ணி அவங்க வீட்டுக்குத்தானே போகும்? கரை உடைஞ்சா அதை விடப் பெருசா அவங்க வீட்டுக்குத்தான் வரும்னு புரிய வைக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அப்புறம் அவங்களே குழந்தை குட்டிங்களைப் பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டுட்டு வந்து, "வெட்டுங்க"ன்னு சொன்னாங்க.

வெட்டினாங்க. கரை நின்னுது. அந்தத் தெருவுல நாலு வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி.

அது எந்தத் தெருன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? ஓடைப் பள்ளத்துல யாருக்கு இடம் குடுத்தாங்க, மேட்டுல யார் இருந்தாங்கன்னு உங்க ஊரையும் ஒரு தடவை நெனச்சுப் பாருங்க. அரசு ஆவணங்கள்ல இருந்து 'காலனி'ங்கற சொல்லை எடுக்கப் போறதா 2025-ல முதல்வர் அறிவிச்சாரு. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனா பேரை மாத்தினா போதுமா? தெரு இருக்கிறது அதே பள்ளத்துல. கோடியை அடைச்சவன் ஒருத்தன், நனைஞ்சது வேற ஒருத்தன்.

மழை விட்ட பிறகு என்ன நடந்துதுன்னு நெனைக்கிறீங்க? வெட்டின ரோட்டை மறுபடி மூடினாங்க. அதே ரெண்டு குழாய். "அரசாங்க சொத்தை யார் உடைச்சது?"ன்னு விசாரிச்சுட்டுப் போனாங்க. கான்கிரீட்டை மறுபடி ஏத்திட்டாங்க. இப்போ கரைக்கு நடைபாதை!

இதைச் சொன்னா நாலு பதில் ரெடியா வருது. ஒண்ணொண்ணா வாங்க.

பதில் ஒண்ணு: "தூர் வாரினா எல்லாம் சரியாயிடும்."

தூர் வாரணும், வேணாம்னு சொல்லலை. 2017-ல குடிமராமத்துன்னு பழைய பேரைத் தூசி தட்டி எடுத்ததுல இருந்து, வாரிக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா தூர் வாரிக் கிடைக்கிற இடம் கோடி மட்டத்துக்குக் கீழ இருக்கிற இடம். நம்ம பக்கம் அக்டோபர், நவம்பர் மழையிலயே அது நெம்பிடும். புயல் வர்றது டிசம்பர்ல. நெம்பின ஏரியில வெள்ளத்துக்கு எங்க இடம்? வறட்சிக்குத் தூர் வாருறது மருந்து, டிசம்பர் வெள்ளத்துக்கு இல்ல. கணக்கும் பாத்துடலாம். 10 சதுர கிலோமீட்டர்ல 20 செ.மீ. மழை பெஞ்சு பாதி ஓடி வந்தாலே 10 லட்சம் கனமீட்டர், அதாவது 35 மில்லியன் கனஅடி. சின்ன ஊர் ஏரி பலதோட மொத்தக் கொள்ளளவே அவ்ளோ இருக்காது. நீங்க எவ்ளோ வாருவீங்க?

அதோட, வாருறவங்க பாதி இடத்துல கரையோட காலடியிலேயே தோண்டுறாங்க, லாரி நிக்க வசதின்னு. கரையடியில படிஞ்ச களிமண்தான் அடியில தண்ணி கசியாமக் காக்குற தோல். அதையும் உரிச்சு எடுத்துட்டா, கசிவு உள்ளுக்குள்ளயே மண்ணை அரிக்கும்.

பதில் ரெண்டு: "தண்ணி வீணாப் போகுதே, கோடியை உசத்தினா என்ன தப்பு?"

கோடியில போற தண்ணி வீணாப் போகலை சாமி, அடுத்த ஏரிக்குப் போகுது. எங்க கோடித் தண்ணி அடுத்த ஊருக்கு வரத்து. அங்கேருந்து அதுக்கு அடுத்தது, கடைசியில தென்பெண்ணை. சங்கிலி அது. மேல் ஏரி உடைஞ்சா அந்தத் தண்ணி மொத்தமும் ஒரே அடியா கீழ் ஏரிக்கு வரும். அது தாங்குமா? கோடியை உசத்தணுமா, தாராளமா. கரையையும் அதே அளவு உசத்து, கோடி நீளத்தையும் கூட்டு. காசில்லைன்னா ரெண்டையும் தொடாதே.

பதில் மூணு: "இவ்ளோ மழை பெஞ்சா யார் என்ன பண்ண முடியும்? இயற்கை."

இதுக்கு ஊரு விட்டு ஊரு போயி ரெண்டு கதை சொல்றேன்.

முதல் கதை அமெரிக்காவுல. பென்சில்வேனியா மாநிலத்துல சவுத் ஃபோர்க்னு ஒரு மண் அணை. ஆண்ட்ரூ கார்னகி மாதிரி கோடீஸ்வரங்க உறுப்பினரா இருந்த ஒரு மீன்பிடி கிளப் அதை வாங்குச்சு. அடியில தண்ணி வெளியேத்துற குழாயை முன்னாடி இருந்தவங்களே பிடுங்கி வித்துட்டாங்க, கிளப் திரும்பப் போடலை. கரை மேல குதிரை வண்டி போகணும்னு உச்சியை வெட்டித் தாழ்த்தினாங்க. மீன் தப்பிச்சுப் போயிடக் கூடாதுன்னு உபரி நீர் போற வழியில இரும்புக் கம்பி வலை போட்டாங்க. 1889 மே 31-ல பெருமழை. வலையில குப்பை அடைச்சு, தண்ணி கரை மேல ஏறி, அணை உடைஞ்சு, கீழ இருந்த ஜான்ஸ்டவுன்ல 2,209 பேர் செத்தாங்க. கிளப்புக்கு நயா பைசா தண்டனை இல்ல, "இயற்கை"ன்னு விட்டுட்டாங்க. கரை மேல ரோடு, கோடியில வலை, வேலை செய்யாத மதகு. எங்கயோ பாத்த மாதிரி இல்ல?

ரெண்டாவது கதை மகாராஷ்டிரா. ரத்னகிரி மாவட்டம் திவாரே. அதுவும் சின்ன மண் அணை. கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே புகார் சொல்லியிருந்தாங்க. 2019 ஜூலை 2 ராத்திரி உடைஞ்சு இருபது பேருக்கு மேல அடிச்சுட்டுப் போச்சு. காரணம் கேட்டதுக்கு அந்த மாநில அமைச்சர் சொன்ன பதில் - நண்டு! நண்டு வளை தோண்டினதால உடைஞ்சுதாம். சிரிக்காதீங்க. நண்டு வளையை மழைக்கு முன்னாடி அடைக்கிறதுக்குத்தான் பராமரிப்புன்னு பேரு. இயற்கை எல்லா ஊர்லயும்தான் பெய்யுது. வழி விட்ட கரை நிக்குது, வழியை அடைச்ச கரை உடையுது.

பதில் நாலு: "அதுக்கெல்லாம் சட்டம் இருக்குல்ல?"

இருக்கு. படிச்சுப் பாத்தேன். அணைகள் பாதுகாப்புச் சட்டம், 2021. எந்த அணைக்குன்னா, 15 மீட்டருக்கு மேல உசரம் இருக்கணும், இல்லேன்னா 10 மீட்டருக்கு மேல இருந்து வேற சில நிபந்தனைக்குள்ள வரணும். சாத்தனூர் வரும். நாலஞ்சு மீட்டர் இருக்கிற எங்க ஊர்க் கரை? வராது. சரி, ஆக்கிரமிப்புக்காவது? 2007-ல தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டுது, ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற. அது பொதுப்பணித்துறைக் கட்டுப்பாட்டுல இருக்கிற ஏரிகளுக்கு. 100 ஏக்கருக்குக் கீழ பாசனம் இருக்கிற சின்ன ஏரியெல்லாம் ஊராட்சி ஒன்றியத்துக்கிட்ட. ஆக, இந்தச் சட்டமும் தொடாது, அந்தச் சட்டமும் தொடாது. எண்ணிக்கையில அதிகமா இருக்கிற மண் அணைங்க இந்த ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல அனாதையா நிக்குது.

ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி உத்திரமேரூர்க்காரங்க ஏரியைப் பாத்துக்க ஏரி வாரியம்னு ஒண்ணு வெச்சு, குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. கல்வெட்டு இன்னும் இருக்கு. அவங்க கல்வெட்டுல வேலை யாரு பாக்கணும்னு எழுதினாங்க. நாம கல்வெட்டுல திறந்து வெச்சது யாருன்னு எழுதறோம். "பழம்பெருமை பேசாதே"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: பெருமைக்காகச் சொல்லலை, வெக்கப்படச் சொல்றேன்.

சரி, குறை சொல்லியே போனா எப்படி, என்னதான் பண்ணணும்ங்கறீங்களா? பெரிய காசே வேணாம்.

ஒண்ணு, செப்டம்பர் மாசம் ஒருநாள் ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., ஒன்றிய எஞ்சினியர், கீழ்த்தெருவுல இருந்து ரெண்டு பேர் எல்லாரும் சேர்ந்து கோடியிலேருந்து அடுத்த ஏரி வரைக்கும் நடந்தே போகணும். ஓடையோட அகலம் புல வரைபடத்துல இருக்கு. டேப் பிடிச்சு அளந்து, எவ்ளோ இருக்கணும், எவ்ளோ இருக்குன்னு கிராம சபையில வாசிக்கணும். வாக்கிங் போக ஆசையா இருந்தா அந்த ஓடையில போங்க.

ரெண்டு, கோடியை விடக் குறைவா தண்ணி விடுற எந்தக் குழாயும் ஓடையில இருக்கக் கூடாது. ரோடு வேணும்னா ரோடு போடறவன் செலவுல பாலம்.

மூணு, கோடியில வலை கூடாது. மீன் போனா போகட்டும், அடுத்த ஊர்க்காரன் சாப்பிடட்டும்.

நாலு, கரை அமுங்கின இடத்துக்கு முதல்ல மண். அப்புறம் பெஞ்ச் போடுங்க, நானே வந்து உக்கார்றேன்.

எங்க ஊர்ல ஏரி கோடி போனா பம்பை அடிச்சு, கோடியில பொங்கல் வெச்சு, கிடா வெட்டுவாங்க. சின்ன வயசுல அது கறிக்காகன்னு நெனச்சிட்டிருந்தேன். இப்பத்தான் புரியுது. ஊரே வருஷத்துக்கு ஒரு தடவையாவது கோடியில வந்து நின்னு அதைப் பாக்கணும்ங்கறதுக்காக எவனோ புத்திசாலி பண்ணி வெச்ச ஏற்பாடா இருக்கணும். கரைக்கு யாரும் கிடா வெட்டினதா நான் கேள்விப்பட்டதில்லை.

நேத்து மறுபடி அப்பாகிட்ட பேசினேன். நடைபாதை திறப்பு விழாவுக்கு வரச் சொன்னாரு. "வர்றேன்பா, ஆனா டேப்போட வருவேன், முதல்ல ஓடைக்குத்தான் போவேன்"னு சொல்லியிருக்கேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "கடப்பாரையை எங்க வெச்சேன்னு தெரிலடா, தேடி வெக்கிறேன்"னாரு.